குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு: ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கலாமா?

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து முப்பத்தொரு வயதுத் தாய் ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு நாலு வயது, ஆரோக்கியமாக இருக்கிறான். இளையவன் பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். அண்ணன் போட்ட சட்டைகளும் பாட்டியின் பழைய புடவைத் துணிகளும் பீரோவில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தவை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அந்தத் துணிகளில்தான் சுற்றினார்கள். ஐந்தாம் நாள் உள்ளங்கால் வரை மஞ்சள் படர்ந்துவிட்டது. பால் குடிக்கவும் எழவில்லை. மருத்துவமனையில் பார்த்தபோது, உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற கழிவு ரத்தத்தில் 24 வரை ஏறியிருந்தது; அது அபாயமான அளவு. விளக்குச் சிகிச்சை போதாமல் ரத்தத்தை மாற்றி ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பது தெரிந்தது. இப்போது அவனுக்கு எட்டு மாதம். தவழ்கிறான், முகம் பார்த்துச் சிரிக்கிறான்.

ஆனால் வீடு இன்னும் அந்த ஐந்தாம் நாளிலேயே நிற்கிறது. "உன் பிறந்த வீட்டு ரத்தம்" என்கிறார் மாமியார். கடிதம் எழுதியவரின் தம்பிக்குச் சிறுவயதில் மலேரியா மாத்திரை சாப்பிட்ட பிறகு சிறுநீர் கறுத்து, மஞ்சள் காமாலை வந்ததாம். இவரோ, "துணியை எடுத்துப் போட்டது என் கைதானே" என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார். கணவர் பயந்துபோய் அவரைக்காய், பருப்பு, சுண்டல் எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிட்டார். இந்த நேரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மூன்று தலைமுறையின் ரத்த மாதிரி வேண்டும், மரபணுவைப் பார்ப்போம், வீட்டில் என்னென்ன புழங்குகிறீர்கள் என்றும் கேட்போம், மீதி மாதிரியைச் சேமித்து வைப்போம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா, பையனின் எதிர்காலத்துக்கு ஏதும் பாதகம் வருமா என்று கேட்கிறார். கூடவே ஒரு கேள்வி: "மூத்தவனும் அதே துணியைத்தானே போட்டான் டாக்டர்? அப்படியென்றால் தப்பு மரபணுவிலா, துணியிலா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருப்பதும் இதே கேள்விக்கான பதிலைத்தான்.

நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்கள் நாள் முழுவதும் ஆக்சிஜனைச் சுமக்கின்றன. இரும்பில் துரு ஏறுவதுபோல, அந்த ஆக்சிஜனே அவற்றை அரிக்கவும் செய்யும். அதைத் தடுக்கும் சரக்கை அணுவுக்குள் தயார் செய்து கொடுப்பது ஜி6பிடி நொதி. மற்ற செல்களுக்கு இதற்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான். நொதி குறைவாக உள்ளவர்களும் சாதாரண நாட்களில் நன்றாகவே இருப்பார்கள். பள்ளிக்கூடம் போவார்கள், விளையாடுவார்கள், பலருக்குத் தங்களிடம் இப்படி ஒன்று இருப்பதே வாழ்நாள் முழுக்கத் தெரியாது. சில மருந்துகள், சில வேதிப்பொருட்கள், சில சமயம் ஒரு காய்ச்சல் என்று வெளியிலிருந்து ஒன்று வந்து தாக்கும்போதுதான் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். உடைந்த அணுக்களிலிருந்து வருவதுதான் பிலிருபின்; அது தேங்கினால் உடல் மஞ்சளாகும். பாச்சா உருண்டையில் இருக்கும் நாப்தலீன் அப்படிப்பட்ட பொருள். அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். தோலில் எண்ணெய் இருந்தால் இன்னும் எளிதாகப் போகும்.

ஆக, துணியில் இருந்த நாப்தலீன் இருவர் மேலும் பட்டிருக்கலாம். மூத்தவனின் சிவப்பணு அதைத் தாங்கியிருக்கிறது, இளையவனுடையது தாங்கவில்லை. மரபணு மட்டும் இருந்து துணி இல்லாமலிருந்தால் அவனுக்கு இவ்வளவு முற்றாமல் போயிருக்கலாம். துணி மட்டும் இருந்து மரபணு இல்லாமலிருந்தால் அநேகமாக அண்ணனைப்போல இருந்திருப்பான். இரண்டும் ஒரே குழந்தையிடம், அதுவும் பிலிருபினை வெளியேற்ற ஈரல் இன்னும் பழகாத முதல் வாரத்தில், சேர்ந்துவிட்டன.

இதிலும் ஒரு சந்தேகத்தை வைத்தே சொல்கிறேன். இந்தக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகள் பலருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லாமலே மஞ்சள் ஏறுவதுண்டு. 1997-ல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பாதி விடை சொன்னது. ஈரல் பிலிருபினை மாற்றி வெளியேற்ற உதவும் இன்னொரு மரபணுவிலும் மாறுபாடு இருந்தால், ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு மஞ்சள் கடுமையாகும் வாய்ப்பு படிப்படியாகக் கூடுகிறது. உங்கள் மகன் விஷயத்தில் துணிக்கு எவ்வளவு பங்கு, இந்த இரண்டாவது மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்று எட்டு மாதம் கழித்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கை எடுத்துப் போட்ட துணிதான் காரணம் என்று நீங்களே எழுதிக்கொண்ட தீர்ப்புக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. பாச்சா உருண்டை போட்ட துணியைக் குழந்தைக்குப் போடுவது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. பிரசவ வார்டிலிருந்து அனுப்பும்போது இதைச் சொல்லி அனுப்பாதது எங்கள் தரப்பின் குறை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

"உன் வீட்டு ரத்தம்" என்ற பேச்சு

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் வருவது தாயிடமிருந்து மட்டும். உங்கள் தம்பியின் கதையையும் சேர்த்துப் பார்த்தால், இது உங்கள் அம்மா வழியாக உங்களிடம் வந்திருக்க வாய்ப்பு அதிகம். மாமியார் சொன்ன வழித்தடம் சரி, அதைக் குற்றமாகச் சொன்னதுதான் தவறு. உங்களிடம் உள்ள இரண்டு எக்ஸில் எது குழந்தைக்குப் போகும் என்பது பூவா தலையா போட்டதுபோல. ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மலேரியா காலங்காலமாக உலுக்கிய நிலப்பகுதிகளில்தான் இது அதிகம்: ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடல் நாடுகள், அரபு நாடுகள், இந்தியா, தென்கிழக்கு ஆசியா. கடுமையான மலேரியாவிலிருந்து இந்த மரபணு ஓரளவு காப்பாற்றியதால்தான் இத்தனை தலைமுறை தாண்டி நிலைத்திருக்கிறது என்பது விஞ்ஞானிகள் பரவலாக ஏற்ற விளக்கம். இந்திய மக்களிடம் கண்டறிந்த வகைகளுக்கு ஒடிசா, கேரளா-கல்யாண் என்று நம் ஊர்ப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல் செய்தியாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை குழந்தையைக் காட்டப் போகும்போது அவரையும் அழைத்துப் போய் மருத்துவர் வாயால் கேட்க வைப்பது இன்னும் நல்லது.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மகனுக்கு வந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பிக்கு இந்தக் குறைபாடு உறுதியானால், அவருடைய மகள்கள் எல்லோரும் இந்த மரபணுவைச் சுமப்பார்கள். உங்கள் இளையவன் பிற்காலத்தில் அந்த மாமன் மகளைக் கட்டினால், பிறக்கும் பெண்குழந்தைகளுக்கும் பாதிக்குப் பாதி முழுக் குறைபாடே வரலாம். கல்யாணம் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாப்பாடு விஷயத்தில் பயம் வேண்டாம்

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் தவறான காயை நிறுத்தியிருக்கிறார். இந்தக் குறைபாட்டில் ஆகாத பயறு ஃபாவா பீன்ஸ் என்ற தனி இனம். வடக்கே பாக்லா என்பார்கள், வளைகுடா நாடுகளில் காலை உணவாகச் சாப்பிடும் 'ஃபூல்' அதில் செய்தது, பொரித்து மசாலா தூவிப் பாக்கெட்டிலும் விற்கிறார்கள். அதிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருட்கள்தான் சிவப்பணுவை உடைக்கின்றன. நம் கொடி அவரை வேறு பேரினம். துவரை, உளுந்து, கடலை, பாசிப்பயறு எதற்கும் இந்தத் தடை தேவையில்லை. எட்டு மாதக் குழந்தைக்குப் பருப்புச் சாதம் இல்லாவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? இன்றைக்கே குழைய மசித்துக் கொடுக்கத் தொடங்குங்கள். ஃபாவா பீன்ஸை மட்டும் அவனும் தொட வேண்டாம், தாய்ப்பால் கொடுக்கும்வரை நீங்களும் தொட வேண்டாம். தாய் சாப்பிட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை குறைவுதான். பாச்சா உருண்டையை வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள். துணிகளைத் துவைத்துப் பல நாள் நல்ல காற்றிலும் வெயிலிலும் போட்டு, வாசனை முற்றிலும் போன பிறகே எடுங்கள். குழந்தையின் கைகால்களில் மருதாணி வைக்க வேண்டாம். இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசியபின் ரத்தம் உடைந்திருக்கிறது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரவழைக்கக்கூடியது, குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லியும் மற்ற கைமருந்தும் கொடுக்கச் சொல்பவர்களிடம் அன்போடு மறுத்துவிடுங்கள்.

அவனுக்கு ஆகாத மருந்துகளான பிரைமாகுவின் (மலேரியா மாத்திரை), டாஃப்சோன், நைட்ரோஃபுரான்டாயின், மெத்திலீன் புளூ, ராஸ்பரிகேஸ் ஆகிய பெயர்களை ஒரு அட்டையில் எழுதி, 'ஜி6பிடி குறைபாடு' என்று மேலே போட்டு, தடுப்பூசிப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்த அட்டையைக் காட்டுங்கள். சல்ஃபா மருந்துகளையும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காய்ச்சலுக்கு உரிய அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். தடுப்பூசி எல்லாமே போடலாம், ஒன்றையும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, உதடும் உள்ளங்கையும் வெளுத்தாலோ, கண் மஞ்சளானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஒன்று இருக்கிறது. பிலிருபின் 24 வரை ஏறிய குழந்தைக்குக் காது கேட்கும் திறனை 'பெரா' சோதனையில் பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தவழ்வதும் சிரிப்பதும் மிக நல்ல அறிகுறிகள், ஆனால் காதை அவை சொல்லாது.

மூத்தவனையும் சோதிக்க வேண்டும். அந்தத் துணி அவனை ஒன்றும் செய்யவில்லை என்பதால் அவனிடம் குறைபாடு இல்லை என்று நானும் மேலே ஊகமாகத்தான் எழுதினேன். துணியில் அன்று உருண்டையின் வீரியம் குறைந்திருக்கலாம், அவனுடைய ஈரல் வேகமாக வேலை செய்திருக்கலாம். ஒரு எளிய ரத்தப் பரிசோதனை போதும்.

இனி அந்தக் கையெழுத்து

இந்த நோயை மருத்துவ உலகம் அறிந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரைமாகுவின் சாப்பிட்ட சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் உடைகிறது என்பதை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் ஆராய்ந்தார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாத கைதியின் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு, மருந்தைத் தாங்கும் இன்னொருவர் உடலில் ஏற்றி, அவருக்கு மருந்தைக் கொடுத்தார்கள். அடையாளமிட்ட அணுக்கள் உடைந்தன. கோளாறு அணுவுக்குள்தான் இருக்கிறது என்று அப்படித் தெரிந்தது. 1956-ல் அது ஜி6பிடி குறைவு என்று கண்டுபிடித்தார்கள். உங்கள் மகனைக் காப்பாற்றிய அறிவின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் சிறைக்குள் இருப்பவர் சொல்லும் 'சரி' உண்மையான சம்மதம்தானா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. இப்படிப்பட்ட கேள்விகளால்தான் உங்கள் முன் இப்போது ஒரு சம்மதப் படிவம் வைக்கப்படுகிறது. அதை ஒரு சடங்காக நினைத்து அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் ஒரு தெளிவு. இந்த ஆய்வு உங்கள் மகனுக்குச் செய்யும் சிகிச்சை கிடையாது. அவனுக்கு வேண்டிய நோயறிதல் முடிந்துவிட்டது. எந்தக் குழந்தைக்கு மஞ்சள் அபாயமாக ஏறும், எதற்கு ஏறாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று தேடுகிறார்கள், பலன் பெரும்பாலும் இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு. அந்தப் பலன் சிறியதில்லை. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். மஞ்சள் மூளைக்கு ஏறிக் குழந்தைகள் பாதிக்கப்படுவது அங்கே வெகுவாகக் குறைந்தது. அங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சர்வசாதாரணமான விஷயம். உங்கள் குழந்தைக்கும் முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த ஐந்தாம் நாள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மறுத்தால் சிகிச்சை நிற்குமா என்று கேட்டீர்கள். நிற்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி பங்கேற்பது உங்கள் விருப்பம். சேர்ந்த பிறகும் எந்தக் கட்டத்திலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. யாராவது ஜாடையாக அப்படி மிரட்டினால், படிவத்தில் இருக்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணே படிவத்தில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்து, கணவரும் நீங்களும் உட்கார்ந்து படியுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவற்றைக் கேட்பேன்.

மீதி ரத்தம் எங்கே போகும்? இந்த ஆய்வுக்கு மட்டும், பின்னாளில் என்னைக் கேட்டுவிட்டு மற்ற ஆய்வுக்கும், கேட்காமலே எதற்கும் என்று பல வகை அனுமதிகள் உண்டு. நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். விலகினால் மாதிரியை அழிப்பார்களா, மாதிரியின் மேல் பெயர் இருக்குமா, குறியீட்டு எண் மட்டும் இருக்குமா என்பதையும் கேளுங்கள்.

தேடாமலே தெரியவரும் விஷயங்களை என்ன செய்வார்கள்? மூன்று தலைமுறை மரபணுவை அடுக்கிப் பார்க்கும்போது வேறொரு நோயின் சாயல் தெரியலாம். சில குடும்பங்களில், உறவுமுறை சொல்லப்பட்டபடி இல்லை என்பதும் தெரிந்துவிடும். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எதைச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள், யாரிடம் சொல்வார்கள் என்று எழுத்தில் இருக்கட்டும். மாமியார், தம்பி, உங்கள் அம்மா ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். அவர்களுக்காக நீங்கள் சம்மதிக்க முடியாது.

குழந்தை பெரியவனானால்? இப்போது அவனுக்காக நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். ஏழு வயதுக்குப் பிறகு ஆய்வு தொடர்ந்தால் அவனிடமும் கேட்க வேண்டும், பதினெட்டில் முடிவு முழுக்க அவனுடையது.

அப்புறம், இன்சூரன்ஸ். அமெரிக்காவில் மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2008-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2018-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், 'மரபணுக் கோளாறு' என்ற விலக்கைக் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. உங்கள் மகனின் நோயறிதல் ஏற்கெனவே மருத்துவமனைப் பதிவில் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது அதை மறைக்காமல் எழுத வேண்டும், மறைத்தால் அதைச் சொல்லியே மறுக்க வழி கிடைக்கும். ஆய்வில் சேர்வதால் இந்த விஷயத்தில் புதிதாக ஒன்றும் கூடப்போவதில்லை. கல்யாணச் சந்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குறியீட்டு எண்ணோடு வைத்திருக்கும் மாதிரியிலிருந்து ஊருக்குச் செய்தி போகாது, உறவுக்காரர்கள் வாயிலிருந்துதான் போகும்.

சேருவது என்று முடிவெடுத்தால், வீட்டுப் பழக்கங்களைக் கேட்கும் படிவத்தை நிதானமாக நிரப்புங்கள். நோய்வாய்ப்பட்ட குழந்தையின் தாய் காரணம் தேடித் தேடி எல்லாவற்றையும் நினைவுபடுத்துவாள். நன்றாக இருக்கும் குழந்தையின் தாய்க்கு அதே துணி நினைவிலேயே இருக்காது. இந்த வித்தியாசமே பல ஆய்வுகளைத் தடம் மாற்றியிருக்கிறது. உறுதியாகத் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுங்கள். நடந்ததைவிடப் பெரிதாகத் துணியின் மேல் பழி போட வேண்டாம், அதை உங்கள் மேல் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கிடைத்தால் சேரலாம் என்பேன். கிடைக்காவிட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் நீங்கள் நல்ல தாய்தான்.

எதுவானாலும் ஆய்வுக்காகக் காத்திருக்காமல் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தம்பிக்குப் போன் போட்டு, ஜி6பிடி பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். மலேரியா மாத்திரையால் சிறுநீர் கறுத்தது அவருக்கு இன்னும் ஒரு பழைய கதையாக மட்டுமே இருக்கலாம். உடம்பு சரியில்லாமல் ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் சமயத்தில் சோதித்தால், புதிதாக ஊறிய இளம் அணுக்களில் நொதி அதிகமிருப்பதால் 'நார்மல்' என்று பொய்யாகக் காட்டிவிடும். நன்றாக இருக்கும்போது போகச் சொல்லுங்கள். அவருக்குப் பெண்குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போகட்டும்.